கை எதில் இருக்கிறது?

வலது இன்ஜினில் எண்ணெய் 9 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்), இடதில் 16. கிளம்பும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. 35,000 அடி உயரம், இரவு, புறப்பட்டு ஒரு மணி இருபது நிமிடம். எரிபொருள் கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் திரையில் இன்ஜின் விவரம் காட்டும் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது என் வழக்கம். அப்படித்தான் கண்ணில் பட்டது.

அப்போது நான் துணை விமானி, வலது இருக்கை. கேப்டனாகி இடது இருக்கைக்கு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்று நடந்ததைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு நிறைய முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு பகுதி வரும்போது கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவேன். இங்கே அதைத்தான் முக்கியமாக எழுத வேண்டியிருக்கிறது.

எண்ணெய் அளவு குறைவாகத் தெரிந்தாலே இன்ஜின் கெட்டுவிட்டது என்று ஆகாது. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது எண்ணெயில் ஒரு பகுதி பேரிங்குகளிலும் கியர்பாக்ஸிலும் பரவி நிற்கும், தொட்டியில் குறைவாகக் காட்டும். கீழே இறங்கும்போது திரும்பி வந்துவிடும். ஆனால் அந்தக் குறைவு இரண்டு இன்ஜினிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பறக்கும்போது உண்மையாகச் செலவாவது மணிக்கு அரை குவார்ட்கூட இருக்காது. கேப்டனிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நேரம் போட்டு எழுதி வைங்க தம்பி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை."

9. அப்புறம் எட்டரை. அப்புறம் ஏழரை. ஒரு காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால்தான் புரிகிறது. திரையில் வெறும் ஓர் எண்ணாக இருந்தது, காகிதத்தில் ஓட்டை விழுந்த குடமாகத் தெரிந்தது.

விமான இன்ஜின் கோளாறு என்றால் எல்லோருக்கும் மனதில் வருவது திடீர் வெடிச்சத்தமும் நெருப்பும். அப்படியும் நடக்கும். எங்களுக்குக் கிடைத்தது மெதுவாக வரும் கோளாறு. எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன் கிட்டத்தட்ட அரை மணி நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை கேப்டன் பயன்படுத்திய விதத்தைப் பார்த்துத்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். சுற்றியிருந்த மூன்று விமான நிலையங்களின் வானிலையை வாங்கச் சொன்னார். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் செய்ய வேண்டிய செக்லிஸ்டை எடுத்து, எதையும் தொடாமல், சும்மா வாசிக்கச் சொன்னார். கேபின் பொறுப்பாளரை உள்ளே கூப்பிட்டு, "இன்னும் எதுவும் ஆகல. ஆனா ஆகலாம். வண்டிகளை உள்ளே வச்சுப் பூட்டிடுங்க" என்றார். சாப்பாட்டு வண்டி நடைபாதையில் நிற்கும்போது அவசரம் வந்தால் அந்த வண்டியே இன்னொரு அவசரம்.

செக்லிஸ்டை வாசிக்கும்போது ஒரு விஷயம் மறுபடி நினைவுக்கு வந்தது. அழுத்தத்தின் அளவைத் திரையில் காட்டுவது ஓர் உணரி. சிவப்பு எச்சரிக்கையை எழுப்புவது வேறொரு சுவிட்ச். இரண்டும் தனித்தனி. ஒன்று மட்டும் கத்தினால் கருவிக் கோளாறாக இருக்கலாம், இன்ஜினை ஓடவிட்டுக் கவனிக்கலாம். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் நம்ப வேண்டியதுதான். நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுற்றும் தண்டு அது. பேரிங்கில் எண்ணெய் வற்றினால் அதிக நேரம் தாங்காது.

காகிதத்தில் 3 என்று எழுதிய சில நிமிடங்களில் மணி அடித்தது. சிவப்பு எழுத்து. அழுத்த அளவும் எல்லைக்குக் கீழே. இரண்டும் ஒரே கதை.

விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது நான். கேப்டன் செக்லிஸ்ட் பார்ப்பார் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். எங்கள் விமானத்தில் முறை இதுதான்: செக்லிஸ்ட் பார்ப்பவர் வாசிப்பார், இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரை ஓட்டுபவர் இழுப்பார், இழுப்பதற்கு முன் மற்றவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். டூ என்றால் வலது இன்ஜின், ஐடில் என்றால் சக்தி மிகக் குறைந்த நிலை. கேப்டன் நிதானமாக வாசித்தார்: "த்ரஸ்ட் லீவர் டூ, ஐடில்."

என் கை லீவருக்குப் போனது. "கன்ஃபர்ம்" என்றேன்.

இரண்டு நொடி பதில் இல்லை. பிறகு கேட்டார்: "கை எதுல இருக்கு?"

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் 1 என்று எழுதியிருந்த லீவரில் இருந்தன. இடது இன்ஜின். எங்களைத் தூக்கி வைத்திருந்த நல்ல இன்ஜின்.

அரை மணி நேரமாக "வலது, வலது" என்று பேசிக்கொண்டிருந்தவன் நான். எண்களை என் கையால் எழுதியவன் நான். பதற்றத்தில்கூட இல்லை, குறைந்தது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பல நாள் யோசித்ததில் ஒரு காரணம் கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம்தான் சிமுலேட்டர் பயிற்சி. அதில் எனக்குக் கொடுத்த எல்லாக் கோளாறும் இடது இன்ஜினில். நான்கு மணி நேரம் அந்த ஒரே லீவரை இழுத்து இழுத்துக் கைக்கு அது பழகிப்போயிருந்தது. மணிச்சத்தம் கேட்டதும் மூளை முந்துவதற்குள் கை தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போய்விட்டது.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே ஒரு போயிங் 737-400 விழுந்தது. இடது இன்ஜினில் ஃபேன் இதழ் ஒன்று உடைந்தது. அதிர்வும் புகையும் வந்தன. விமானிகள் வலது இன்ஜினைக் குறைத்தார்கள். தற்செயலாக அதே நேரத்தில் அதிர்வும் புகையும் தணிந்தன. தானியங்கித் த்ரஸ்ட் விலகியதால் கெட்ட இன்ஜினுக்குப் போன எரிபொருளும் குறைந்ததுதான் காரணம். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நம்பி நல்ல இன்ஜினை அணைத்தார்கள். ஓடுதளத்தை நெருங்கும்போது இடது இன்ஜின் முழுவதும் கைவிட்டது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஒரு ஏடிஆர் 72, மேலெழும்பிய சற்று நேரத்திலேயே வலது இன்ஜின் சக்தியை இழந்தது. கேப்டன் இழுத்தது இடது லீவரை. கடைசி நொடிகளில் அவரே அதை உணர்ந்தது குரல் பதிவில் இருக்கிறது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

அவர்கள் யாரும் என்னைவிட மோசமான விமானிகள் இல்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு நொடி பேசாமல் இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

பழைய விமானங்களின் காக்பிட்டில் சாவி கொடுக்கும் கடிகாரம் இருக்கும். ஏதாவது கெட்டால் முதலில் கடிகாரத்துக்குச் சாவி கொடு என்று மூத்த விமானிகள் சொல்வார்களாம். கைக்குத் தீங்கில்லாத ஒரு வேலை கொடுத்தால் மூளை வந்து சேர நேரம் கிடைக்கும் என்பது கணக்கு. இப்போது கடிகாரமெல்லாம் மின்சாரத்தில் ஓடுகிறது. சாவிக்குப் பதிலாக நான் வாயைப் பயன்படுத்துகிறேன். வெறும் "கன்ஃபர்ம்" என்று சொல்வதில்லை. லீவரில் எழுதியிருக்கும் எண்ணை விரலால் தொட்டு, அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லி, அப்புறம்தான் கேட்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். கையை மாற்றினேன். "டூ." "கன்ஃபர்ம்டு." வலது லீவரை ஐடிலுக்குக் கொண்டுவந்தேன். எச்சரிக்கை போகவில்லை. வாலில் இருக்கும் சிறிய துணை இன்ஜினான ஏபியுவை ஓட்டிவிட்டு, அதன் ஜெனரேட்டர் தயாரானதும், அதே மாதிரி சொல்லிக் கேட்டு, கேப்டன் வலது இன்ஜினை அணைத்தார்.

ஓர் இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எதுவும் விழவில்லை. மூக்கு மெல்ல வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. வால் சுக்கானைச் சரிசெய்யும் ரட்டர் ட்ரிம்மை இடப்பக்கம் திருப்பிச் சரிசெய்தேன். ஆனால் 35,000 அடியில் ஒற்றை இன்ஜினால் நிற்க முடியாது. காற்று அவ்வளவு மெல்லியது. இடது இன்ஜினைத் தொடர்ந்து தாங்கக்கூடிய அதிகபட்ச சக்திக்கு வைத்தும் வேகம் சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டே வந்தது. உயரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும். வேகத்தைக் காப்பாற்ற உயரத்தைக் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்குச் சில நூறு அடிகளாக மெதுவாகச் சரிந்து, 22,000 அடிக்கு வந்ததும் நிலையாக நின்றோம்.

சரிவதற்கு முன் தரைக் கட்டுப்பாட்டிடம் சொல்லியாக வேண்டும். ஆயிரம் அடி கீழே இன்னொருவர் பறந்துகொண்டிருக்கலாம். இந்த இடத்தில் விமானிகளுக்கு ஒரு வினோதமான கூச்சம் உண்டு. உயிராபத்து என்று அறிவிக்கும் "மேடே" என்ற சொல் வாயில் வராது. "சின்னக் கோளாறு", "கொஞ்சம் கீழே இறங்கணும்" என்று சுற்றி வளைப்பார்கள். கேட்கும் கட்டுப்பாட்டாளர் உங்கள் மனதைப் படிக்க மாட்டார். மூன்று முறை மேடே சொன்னால் அலைவரிசையே அமைதியாகிவிடும், வழி திறந்துவிடும். பிறகு நிலைமை சரியானால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். நான் சொன்னேன், ரேடார் திரையில் அவசரநிலையைக் காட்டும் 7700 என்ற குறியீட்டையும் போட்டேன். உடனே கேள்விகள் வந்தன. எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள், என்ன செய்யப் போகிறீர்கள்? செக்லிஸ்ட் பாதியில் இருந்தது. "ஸ்டாண்ட்பை" என்றேன். அது முழுமையான பதில். வானொலியில் கேட்ட ஒரே காரணத்துக்காகக் கையில் இருக்கும் வேலையை விட வேண்டியதில்லை. முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், பிறகு பேசு. இந்த வரிசையை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அது ஏன் அந்த வரிசை என்பது அன்றுதான் புரிந்தது.

எங்கே இறங்குவது என்பதில்தான் எனக்கும் கேப்டனுக்கும் கருத்து வேறுபட்டது. மூன்று இடங்கள் இருந்தன. 15 நிமிடத்தில் ஒன்று: குட்டை ஓடுதளம், மழை ஈரம், பக்கக் காற்று, சுற்றிலும் மலை. 35 நிமிடத்தில் ஒன்று: நீளமான, உலர்ந்த ஓடுதளம், நல்ல தீயணைப்பு வசதி. ஒரு மணி பத்து நிமிடத்தில் எங்கள் சொந்தத் தளம். அலுவலகத்திலிருந்து தளத்துக்கு வர முடியுமா என்று செய்தி வந்தது. அவர்களுக்கு அங்கேதான் பொறியாளர்கள், மாற்று விமானம் எல்லாம். கேட்டதில் தவறில்லை. முடியாது என்று சொல்வது எங்கள் வேலை.

கேப்டன் தன் மனதில் இருப்பதைச் சொல்லாமல் முதலில் என்னைக் கேட்டார். இதை இன்று வரை நான் அப்படியே பின்பற்றுகிறேன். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவருக்கு ஆமாம் போடுவதைத் தவிர வேறு வழியிருக்காது. நான் 15 நிமிட இடத்தைச் சொன்னேன். "ஏன்?" என்றார். "பக்கம் சார்" என்றேன். "இறங்க முடியாம மறுபடி மேல ஏறணும்னா?" என்று கேட்டார். அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒற்றை இன்ஜினில் ஏறும் சக்தி மிகக் குறைவு. அதுவும் மலைகளுக்கு நடுவே, மழையில். விதி சொல்வது அருகிலுள்ள பொருத்தமான விமான நிலையம். நான் "அருகிலுள்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். 35 நிமிடம் என்று முடிவானது. கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம்: தீ எச்சரிக்கை வந்தால் யோசனையே இல்லை, அந்த 15 நிமிட இடம்தான். எந்த நிலையில் முடிவை மாற்றுவோம் என்பதையும் முடிவெடுக்கும்போதே பேசிவிட்டால், அந்த நேரம் வரும்போது வாக்குவாதம் இருக்காது.

கேபின் பொறுப்பாளரிடம் கேப்டன் நான்கு விஷயங்கள் சொன்னார். என்ன ஆனது, என்ன செய்யப் போகிறோம், எத்தனை நிமிடம் இருக்கிறது, சிறப்பாக ஏதாவது செய்ய வேண்டுமா. அவர் அதைத் திருப்பிச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து அவரே போன் செய்தார். "இடது பக்கம் ஒரு பயணி இன்ஜின்ல தீப்பொறி வருதுங்கிறார்."

வயிற்றைக் கலக்கியது. இடது என்றால் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின். கேப்டன் கேட்டது ஒரே கேள்வி: "சீட் நம்பர் என்ன?" எஃப் இருக்கை. அதாவது வலது ஜன்னல். பொறுப்பாளர் பயணிகளைப் பார்த்து நின்று பேசுபவர். அவருக்கு இடது என்பது விமானத்துக்கு வலது. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். மேகத்துக்குள் போகும்போது இறக்கை முனை விளக்கின் பளிச்சிடல் நின்றுபோன இன்ஜினின் உறையில் பட்டுத் தெறித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பயணி சொன்னதற்கும், அதைப் பொறுப்பாளரான அந்தப் பெண் தயங்காமல் எங்களிடம் கொண்டுவந்ததற்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். கெக்வொர்த் விமானத்தில் வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடது பக்கம் நெருப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் உள்ளே இருந்தார்கள். விமானிகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். விமானிகளுக்கு அவர்களுடைய இன்ஜின் இருக்கையிலிருந்து தெரியாது. நீங்கள் பயணியாக எதையாவது பார்த்தால் சொல்லுங்கள், இருக்கை எண்ணோடு சொல்லுங்கள்.

அந்த 35 நிமிடமும் என் கண் இடது இன்ஜினின் எண்ணெயிலேயே இருந்தது. அதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் தலைநகர் நசாவுக்குக் கிளம்பிய ஒரு லாக்ஹீட் டிரைஸ்டார். மூன்று இன்ஜின். நடு இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்து அதை அணைத்துத் திரும்பினார்கள். சிறிது நேரத்தில் மற்ற இரண்டின் எண்ணெய் அளவும் பூஜ்ஜியம் காட்டியது. மூன்றும் ஒரே நேரத்தில் கெட நியாயமில்லை, கருவிக் கோளாறாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்தது இயல்பே. ஆனால் முந்தைய இரவுப் பராமரிப்பில் மூன்று இன்ஜினிலும் உலோகத் துகள் கண்டறியும் கருவியை மாற்றியபோது, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்குகளைப் போடாமல் விட்டிருந்தார்கள். மற்ற இரண்டு இன்ஜினும் நின்றுபோயின. முதலில் அணைத்த நடு இன்ஜினை மறுபடி ஓட்டி, அந்த ஒன்றை வைத்து மயாமியில் இறங்கினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள். ஒரே கை எல்லா இன்ஜினையும் தொட்டிருந்தால் ஒரே தவறு எல்லா இன்ஜினிலும் இருக்கலாம். கடலுக்கு மேல் நெடுந்தூரம் போகும் இரட்டை இன்ஜின் விமானங்களில், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யாதபடி கட்டுப்பாடு வைப்பது இதனால்தான். எங்கள் இடது இன்ஜின் 16-ஐ விட்டு அசையவில்லை. அன்று அந்த எண்ணைப் போல அழகான எண் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இறங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேப்டன் ஓட்டினார், ஒருமுறை சுற்றி வந்து எல்லாச் செக்லிஸ்டும் முடிந்த பிறகே ஓடுதளத்துக்குத் திரும்பினோம், இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸை ஒரு பக்கம் மட்டும் மெதுவாக இழுத்தார், நின்றோம். தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்தன. அவர்களுடைய தலைவர் வானொலியில், வலது இன்ஜின் உறையின் கீழ்ப்பக்கம் முழுவதும் எண்ணெய் வழிந்திருக்கிறது, புகை இல்லை என்றார். பயணிகள் அழுதுகொண்டே கைகுலுக்கினார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் இறங்கியவர் இணைப்பு விமானம் காத்திருக்குமா என்று கேட்டார். படிக்கட்டில் இறங்கும்போதுதான் என் முழங்கால் நடுங்குவது எனக்கே தெரிந்தது.

பொறியாளர்கள் பார்த்துச் சொன்னது: எண்ணெய்க் குழாய் இணைப்பு ஒன்றில் சீல் போயிருந்தது. நேரத்தோடு அணைத்ததால் பேரிங்குகள் தப்பின.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது என் கை போன இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. லீவர் அசையவே இல்லை என்பதால் பதிவுக் கருவியிலும் எதுவும் இருக்காது. குரல் பதிவில் இருப்பது "கை எதுல இருக்கு" என்ற ஒரு வரி மட்டும். எழுதாமல் விட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன், சிமுலேட்டர் விஷயத்தையும் சேர்த்து. அடுத்த பயிற்சிச் சுற்றிலிருந்து கோளாறுகள் இரண்டு பக்கமும் மாறி மாறி வர ஆரம்பித்தன.

எழுதியதை கேப்டனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

"நீங்க 'கன்ஃபர்ம்'னு சொன்னதும் நானும் 'கன்ஃபர்ம்டு'ன்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். பார்க்காமலேயே. ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் குனிஞ்சு பார்த்தேன். அதையும் எழுதணும்ல?"

என் பத்திக்குக் கீழே தன் கையெழுத்தில் அதை எழுதி, நேரத்தையும் போட்டார்.